ஐஐடி கிடைத்தால் அனுப்பலாமா, பக்கத்திலேயே போதுமா?

மே 9, 2025

கேள்வி இது:

"நாங்கள் திருத்துறைப்பூண்டி பக்கம். நேற்று வந்த பிளஸ் டூ முடிவில் மகளுக்கு கட்-ஆஃப் 200க்கு 196. ஜேஇஇ மெயினில் தேறி, 18ஆம் தேதி ஐஐடிக்கான அட்வான்ஸ்டு தேர்வு எழுதப் போகிறாள். வடக்கே ஏதாவது ஒரு ஐஐடி கிடைத்தால் அனுப்பலாமா, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், திருச்சி என்ஐடி என்று பக்கத்திலேயே பார்க்கலாமா? எனக்கு விவசாயமும் ஒரு சின்ன உரக்கடையும். பெரிய காலேஜ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடு என்கிறார்கள் எல்லாரும்."

கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தவன் நான். பாபநாசம் பக்கம் ஒரு கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர். 2017இல் மகளை வடக்கே ஒரு பெரிய மத்திய அரசு நிறுவனத்தில் கொண்டுபோய் விட்டேன். பெயர் வேண்டாம், குறை சொல்லப்போகிறேன், அதில் பாதி என் குறை. கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி, எழும்பூரில் இறங்கி, சென்ட்ரல் போய், அங்கிருந்து இரண்டு ராத்திரி. விடுதி வாசலில் அவளை விட்டுவிட்டுத் திரும்பும்போது, ஊருக்குப் போனதும் யார் யாரிடம் சொல்லலாம் என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் போய்விட்டது. ஏழு மாதம் எங்களிடம் சொல்லவில்லை. டிசம்பர் விடுமுறைக்கு வரவில்லை, ஏதோ கோர்ஸ் இருக்கிறது என்றாள். லீவில்கூடப் படிக்கிறாள் என்று நாங்கள் அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

அனுப்பாதீர்கள். கிண்டி என்ன சாதாரணமா? 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம். திருச்சி என்ஐடி 1964இல் வந்தது, நம் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு இன்னும் அது பழைய பெயரில் ஆர்.இ.சி.தான். அங்கே பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. தஞ்சாவூரில் பஸ் ஏறினால் துவாக்குடியில் இறங்கிக்கொள்ளலாம்.

மே 10

ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தேன். 'அனுப்பாதீர்கள்' என்றது கோபத்தில் வந்தது. அப்படியே கிடக்கட்டும், அழிக்கவில்லை.

கீழே பின்னூட்டத்தில் ஒரு மன்னார்குடிக்காரர் கட்டணம் கேட்டிருக்கிறார். ஐஐடியில் படிப்புக் கட்டணம் மட்டும் செமஸ்டருக்கு ஒரு லட்சம், என்ஐடியில் 62,500. நெல்லில் சொன்னால்தான் நமக்கு உறைக்கும். 2024-25 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,450 ரூபாய். நாற்பது கிலோ சிப்பம் 980. ஒரு லட்சத்துக்கு 102 சிப்பம். ஒரு மாவுக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) பதினெட்டு சிப்பம் கண்டால் கிட்டத்தட்ட ஆறு மா நிலத்து விளைச்சல். உழவு, நடவு, அறுப்பு மிஷின் வாடகை எதையும் கழிக்காமல். அப்படி எட்டு தடவை. விடுதியும் சாப்பாடும் தனி.

மே 11

மேலே சொன்ன நெல் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை. கீழே ஒருவர் பிடித்துவிட்டார். குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள் என்றால் ஐஐடி, என்ஐடி இரண்டிலும் படிப்புக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. ஒன்று முதல் ஐந்து லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வருமானம் எதுவானாலும் முழுத் தள்ளுபடி. ஆக, விவசாயி வீட்டுக்கு 102 சிப்பம் 34 ஆகலாம். சில தனியார் கல்லூரிகளில் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கேட்கிற தொகையை நினைத்தால் இது குறைவு. பணத்தைக் காரணம் காட்டி ஐஐடி வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடாதீர்கள்.

கடன் தேவையென்றால் ஏழரை லட்சம் வரை கல்விக் கடனுக்கு அடமானம் கிடையாது. சங்கத்தில் உட்கார்ந்து தினமும் நகைக் கடன் எழுதுகிறவன் சொல்கிறேன், நகையை உடனே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

மே 14

ஏன் தோற்றாள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலம்தானே என்று நீங்களே பதிலும் சொல்லிவிட்டீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், வாத்தியார் ஜோக் அடிப்பது இந்தியில், எல்லாரும் சிரிக்கும்போது இவளும் சிரித்து வைப்பாள். அது ஒரு மாதத்துச் சங்கடம், அவ்வளவுதான். சாப்பாடும் அப்படியே. அவள் அம்மா புளிக்காய்ச்சல் பாட்டிலில் அடைத்து அனுப்பினாள், அது அதே அறையில் இருந்த அசாம் பெண்ணுக்கும் பிடித்துப்போய் இரண்டு பாட்டிலாக அனுப்ப வேண்டி வந்தது.

உண்மைக் காரணத்தை நாலு வருடம் கழித்து அவளே சொன்னாள். அவளுக்குச் சந்தேகம் கேட்கத் தெரியாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து மற்ற பிள்ளைகள் இவளிடம்தான் கேட்பார்கள். கையைத் தூக்கி 'புரியவில்லை' என்று சொன்ன பழக்கமே இல்லை. அங்கே போனால் வகுப்பில் எல்லாருமே அவரவர் ஊரில் முதல் ஆள். பல பெரிய நிறுவனங்களில் கிரேடு என்பதே வகுப்பு எப்படி எழுதியது என்பதை ஒட்டித்தான். நம் ஊர்க் கணக்குப்படி 'பாஸுக்கு ஐம்பது' என்று ஒரு கோடு இருக்காது. இவள் எழுதியது நன்றாகவே இருந்தாலும் பக்கத்தில் இருக்கிறவன் இன்னும் நன்றாக எழுதியிருப்பான்.

இன்னொன்று. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளி. நாலரைக்கு மணி அடித்து எழுப்புவார்கள், பதினொன்றுக்கு விளக்கை அணைப்பார்கள். இரண்டு வருடம் அவளுடைய ஒவ்வொரு மணி நேரமும் வேறு யாரோ போட்ட அட்டவணை. கல்லூரியில் யாரும் எழுப்பவில்லை. எட்டு மணி வகுப்புக்கு எழுந்திருக்காமல் இரண்டு வாரம் படுத்துக் கிடந்திருக்கிறாள். அங்கே அதைக் கேட்க யாரும் இல்லை. இங்கே நாங்கள் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அதனால் திருத்துறைப்பூண்டி சார், ராங்க் வருவதற்கு முன்னாலேயே ஒன்று யோசித்து வையுங்கள். உங்கள் மகள் கடைசியாக எதில் தோற்றாள்? அதை உங்களிடம் எப்படிச் சொன்னாள்? தோற்றதே இல்லை என்று பெருமையாகப் பதில் எழுதாதீர்கள். நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே 19

நேற்று தேர்வு முடிந்ததாம். 'சுமார்' என்றாளாம். சுமார் என்று சொன்னாள் அல்லவா, நல்ல பிள்ளை.

மே 25

கும்பகோணத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "எந்தக் கல்லூரியில் போட்டாலும் திறமை இருந்தால் வருவான், ராமானுஜனைப் பாருங்கள்." கும்பகோணத்துக்காரர் ராமானுஜனை இழுக்காமல் கல்லூரி பேசினால்தான் ஆச்சரியம்.

சரி, பார்ப்போம். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். அப்போது அதைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்பார்கள். முந்தைய ஆண்டுவரை உ.வே.சா. தமிழ் சொல்லிக்கொடுத்த இடம், அவர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போய்விட்டார். ஆகவே டவுன் ஹைஸ்கூலில் படித்த பையனுக்கு அன்றைய டெல்டாவில் அதுதான் பெரிய காலேஜ், அதுவும் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கணக்கைத் தவிர மற்றதைப் படிக்காமல் இரண்டு தடவை தோற்று, உதவித்தொகை போய், 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிட்டார்.

எனக்கு இதில் கணக்கு மேதை கண்ணில் படவில்லை. பதினேழு வயசுப் பையன் தோற்றதை வீட்டில் சொல்ல முடியாமல் ரயில் ஏறியதுதான் தெரிகிறது. என் மகள் ஏறவில்லை, விடுதியிலேயே இருந்துவிட்டாள். இரண்டும் ஒன்றுதான்.

மே 26

திருத்தம். கும்பகோணத்தில் இரண்டு தடவை தோற்றார் என்று எழுதியது தப்பு. அங்கே மற்ற பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். எஃப்.ஏ. என்ற அந்தக் கால இடைநிலைக் கல்லூரித் தேர்வில் தவறியது அதற்குப் பிறகு, சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்த பின்னால். சுட்டிக்காட்டிய கும்பகோணத்துக்காரருக்கு ஒரு டிகிரி காபி கடன்.

ஜூன் 3

நேற்று முடிவு வந்துவிட்டது. ராங்க்கை இங்கே போட வேண்டாம் என்றேன், திருத்துறைப்பூண்டி சார் போட்டுவிட்டார். வடக்கே ஒரு ஐஐடியில் உலோகவியல் மாதிரி ஏதாவது வரும், கணினி வராது என்கிற அளவு.

பதறாமல் முதலில் சான்றிதழைப் பாருங்கள். போன வருடம் எங்கள் ஊரில் ஒரு பையனுக்கு இதில்தான் சிக்கல். நம் தாலுகா அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கும் பி.சி. சாதிச் சான்றிதழ் டிஎன்இஏ என்கிற தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குச் செல்லும். ஐஐடி, என்ஐடி கலந்தாய்வுக்கு மத்திய அரசுப் பட்டியல்படியான ஓபிசி சான்றிதழ் வேண்டும், வசதி படைத்தவர்கள் என்று ஒதுக்கும் கிரீமி லேயரில் வரவில்லை என்று, 2025 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியதாக. எட்டு லட்சம் வருமான வரம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. உரக்கடை வருமானம் சேரும். பெரிய நிலவுடைமைக்கும் உயர்பதவிக்கும் வேறு விதி உண்டு, நமக்கு அந்தக் கவலை இல்லை. இ-சேவை மையத்தில் இன்றைக்கே போடுங்கள்.

ஜூன் 12

இன்றைக்கு மேட்டூர் திறந்துவிட்டார்கள். போன வருடம் ஜூலை கடைசிவரை காய்ந்து கிடந்தோம், இந்த வருடம் தேதி தப்பவில்லை. ஊரில் எல்லாரும் நாற்றங்கால் பேச்சு. எனக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மகள் சேர்ந்தபோது தெருமுனை அரச மரத்தடியில் பிளக்ஸ் வைத்தார்கள். பத்தடிக்கு எட்டடி. 'எங்கள் மண்ணின் மகளே' என்று. மகள் படத்தைவிட ஒன்றியச் செயலாளர் படம் பெரிசு. அது பொங்கல் தாண்டியும் அங்கேயே நின்றது. டிசம்பரில் அவள் வராததற்குக் காரணம் அந்த பிளக்ஸ்தான். பஸ்ஸை விட்டு இறங்கினால் அதைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். "ரெண்டு பாடத்துல போனவ என் மூஞ்சிக்குக் கீழயே எப்படிப்பா நடந்து வருவேன்" என்றாள், எல்லாம் தெரிந்த பிறகு.

இதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் 'வைத்தார்கள்' என்றுதான் சொல்வேன். இப்போதும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், பாருங்கள். வைத்தது நான். சங்கத்து நண்பர்கள் பாதி போட்டார்கள், மீதி என் பணம். படத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். பிளஸ் டூ ஹால் டிக்கெட் போட்டோ வேண்டாம், பட்டுப் பாவாடை கட்டியது இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 15

மகள் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். சிவில் முடிக்க அஞ்சு வருடம் ஆயிற்று. இப்போது தண்ணீர் வடிகால் சம்பந்தமான வேலை. வெள்ளம் வந்தால் எந்தத் தெரு எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்குப் போடுகிறாள். டெல்டாவில் பிறந்தவளுக்கு இதைப் படிக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று அவள் பாட்டி கேட்பாள்.

இதையெல்லாம் படிக்கச் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து படித்தாள். புளிக்காய்ச்சல் இடத்தில் சிரித்தாள். ஜூன் 12 குறிப்பைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "மே 9 எழுதுனது தப்பு. மறுபடி கேட்டாலும் அங்கதான்பா போவேன். நீங்க ரெண்டு பேருந்தான் வேற மாதிரி இருந்திருக்கணும்" என்றாள்.

என்ன மாதிரி என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் 'எப்படிப் படிக்கிறே' என்று கேட்பதற்குப் பதிலாக மாடு கன்று போட்டதைச் சொல்லியிருக்கலாம் என்றாள்.

அங்கே என்ன கிடைத்தது என்றும் கேட்டேன், உங்களுக்காக. ராத்திரி இரண்டு மணி வரை திறந்திருக்கும் நூலகம். அரியர் எழுதும்போது அறைக்குக் கூப்பிட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு பேராசிரியர். அப்புறம் அந்த அசாம் பெண். வேலைவாய்ப்பு பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் கேட்டதற்குப் பிறகுதான் "அதுவும் உண்டு" என்றாள்.

ஆக என் மே 9 தீர்ப்பு ரத்து.

ஜூன் 28

நேற்று டிஎன்இஏ தரவரிசை வந்தது. 196க்குக் கிண்டியில் எலெக்ட்ரிக்கல் வரலாம் என்று ஆளாளுக்குக் கணிக்கிறீர்கள். போன வருடக் கட்-ஆஃப் பட்டியலை வைத்துக்கொண்டு ஜோசியம். கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது என்று போடுகிற இடத்தில் அரை மதிப்பெண்ணுக்கு ஒரு தெருவே நிற்கும்.

ஐஐடி பக்கம் 'உலோகவியலில் சேர், இரண்டாம் வருடம் கணினிக்கு மாறிக்கொள்ளலாம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நம்பிச் சேராதீர்கள். சில ஐஐடிகள் கிளை மாற்றத்தை நிறுத்தியே விட்டன. நிறுத்தாத இடத்திலும் முதல் வருடம் மேலே வந்தவர்களுக்குத்தான். நாலு வருடம் உலோகத்தோடு இருக்க முடியுமா என்று அவளைக் கேளுங்கள்.

தேசியத் தரவரிசைப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்த தஞ்சாவூர் நண்பருக்கு: அதில் நூற்றில் முப்பது ஆராய்ச்சிக்கு, முப்பது ஆசிரியர் எண்ணிக்கை, வசதி மாதிரியானவற்றுக்கு. பத்து மதிப்பெண் பிறர் அந்த நிறுவனத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. நம் ஊரில் அந்தப் பத்துதான் நூறு.

ஜூலை 6

என் மகனைப் பற்றிக் கேட்டவருக்கு. அவன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், மூன்றாம் வருடம். ராமானுஜன் கல்லூரியேதான். கட்டணம் சில ஆயிரம். காலையில் சைக்கிள், சாயங்காலம் வீடு. கூடவே சென்னை ஐஐடியின் இணையவழி பி.எஸ். தரவு அறிவியலும் படிக்கிறான். 2020இல் தொடங்கிய படிப்பு, ஜேஇஇ வேண்டாம், நாலு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். கட்டணத்தில் வருமானத்தைப் பொறுத்துச் சலுகை உண்டு. தேர்வு மட்டும் நேரில் போய் எழுத வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022இல் அனுமதி கொடுத்ததால் இது முடிகிறது.

அதில் ஒரு கணினி மொழிப் பாடத்தில் போன பருவம் தவறினான். அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போதே சொல்லிவிட்டான், "பைத்தான் போச்சு". அவன் அம்மா பாம்பு என்று நினைத்து எழுந்துவிட்டாள்.

அவன் அக்காவைவிட மகிழ்ச்சியாக இருக்கிறான். அக்கா அளவுக்குத் திறமையா என்று கேட்டால், இல்லை. இவனை வடக்கே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இவனைப் பார்த்து 'வீட்டிலிருந்து படிப்பதே மேல்' என்று யாரும் பாடம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜூலை 20

கடைசிச் சுற்றும் முடிந்துவிட்டது. திருச்சி கையில் இருந்தும் பெண் வடக்கேதான் என்று நின்றுவிட்டாளாம். உலோகவியல். நான் தனியாகப் போனில் பேசியபோது திருச்சியைத்தான் சொன்னேன், அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவள் சொன்ன காரணத்தை அவர் எழுதியிருக்கிறார்: "ஆர்.இ.சி. என்றால் அப்பா வாரா வாரம் முறுக்குத் தூக்கோடு வந்துவிடுவார்."

இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று உப்புக்காற்று ஊரில் பிறந்த பிள்ளை தெரிந்துகொண்டு வரட்டும் என்று நான் எழுதப்போக, உலோகவியல் என்றால் அது மட்டுமில்லை என்று என் மகள் தலையில் குட்டினாள்.

ஆகஸ்ட் 4

நேற்று பதினெட்டாம் பெருக்கு. குடமுருட்டியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். திருத்துறைப்பூண்டி சார் மகளைப் போன வாரம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிட்டாராம். பிளக்ஸ் எதுவும் வைக்கவில்லை, உங்கள் பேச்சைக் கேட்டேன் என்று முதலில் எழுதினார். அரைமணி நேரம் கழித்து இன்னொன்று: அவர் வைக்கவில்லை, உரக் கம்பெனி ஏஜென்ட் கடை வாசலிலேயே ஒன்று கட்டிவிட்டுப் போயிருக்கிறார். மகள் படத்துக்குப் பக்கத்தில் யூரியா மூட்டை. கழற்றினால் ஏஜென்ட் கோபித்துக்கொள்வாரே, என்ன செய்வது என்று கேட்கிறார்.

தீபாவளிக்குப் பிள்ளை வருவதற்குள் கழற்றிவிடுங்கள். கிழிக்காமல் எடுங்கள், ஓரத்து வளையத்தில் கயிறு போட்டால் வைக்கோல் போருக்கு நன்றாக நிற்கும். எங்களுடையது எட்டு மழை தாங்கிவிட்டது. படம் உள்பக்கம் இருக்கும்படி போடுங்கள், மாடு நக்காது.